மூச்சுக்கு ஒரு மாற்றுவழி

தீவிர சிகிச்சைப் பிரிவிலே நோயாளர் ஒருவர் பத்து நாட்களாகக் கிடக்கிறார். வாய்வழியே செலுத்திய குழாயொன்றின் மூலம் இயந்திரம் அவருக்கு மூச்சளித்துக் கொண்டிருக்கிறது. பதினோராம் நாட் காலையில் வைத்தியர் வெளியே வருகிறார். வாசலிற் காத்துநிற்கும் மகனைப் பார்த்து, "உங்கள் தகப்பனாருடைய கழுத்திலே சிறிய துளையொன்று செய்து, அவ்வழியே குழாய் வைக்க எண்ணியுள்ளோம். உங்கள் சம்மதம் வேண்டும்" என்கிறார். கேட்டவர் உள்ளம் நடுங்குகிறது. கழுத்து உயிர்நிலை அன்றோ? அங்கே கருவி படப்போகிறது என்பதை எவர்தாம் அச்சமின்றிக் கேட்பர்?

அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும், அங்கே என்ன செய்யப்படுகிறது, எதைப் பார்த்துச் செய்யப்படுகிறது என்பதை அறிந்துகொண்டால் அச்சம் ஓரளவு தணியும். கேட்கவேண்டிய கேள்வியும் தெளிவாகும். தோலின் மேல் நின்று உள்ளே இருப்பதைக் காண்பதற்கு வைத்தியருக்கு இரண்டு துணைகள் இன்று உண்டு. ஒன்று, மூச்சுக்குழலின் உள்ளேயே சென்று பார்க்கும் உள்நோக்கி. மற்றையது, வெளியிலிருந்தே ஒலியினாற் படம் வரையும் கருவி. இவ்விரண்டில் எது எப்பொழுது உதவும், எது எங்கே கைவிடும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிலே மூச்சுக்குழலின் அமைப்பை நினைவிற் கொள்வோம். பாடநூல்கள் இதனை வாதனாளி என்று வழங்கும். வளர்ந்தவரிடத்தே இது ஏறத்தாழப் பத்து முதற் பன்னிரண்டு சென்ரிமீற்றர் நீளமுடையது. குரல்வளைக்குக் கீழே தொடங்கி, நெஞ்சுக்குள் இறங்கி, இரு நுரையீரல்களுக்குமாக இரண்டாகப் பிரிகின்றது. இதன் முன்புறத்தையும் பக்கங்களையும் பதினாறு முதல் இருபது வரையிலான கசியிழைய வளையங்கள் தாங்கி நிற்கின்றன. இவை முழு வளையங்கள் அல்ல; குதிரையின் இலாடம் போலப் பின்புறம் திறந்தவை. பின்சுவர் மென்மையான சவ்வினால் ஆனது. அச்சவ்வை ஒட்டியபடியே உணவு செல்லும் களம் கிடக்கிறது. முன்புறத்திலோ, இரண்டாம் வளையத்துக்கும் நான்காம் வளையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், தைரொயிட்டுச் சுரப்பியின் நடுப்பாலம் குறுக்கே கிடக்கும். சிறு நாளங்கள் தோலுக்குக் கீழே ஓடும். இன்னும் கீழே, மார்பெலும்பின் பின்னால், பெருநாடியிலிருந்து கிளைத்த பெரிய நாடியொன்று மூச்சுக்குழலைக் குறுக்கே கடந்து செல்லும். சிலரிடத்தே அந்நாடி மேலேறிக் கழுத்துக்குள் எட்டிப் பார்ப்பதும் உண்டு.

ஆகவே, மூச்சுக்குழலைத் துளைப்பவருக்கு முன்னும் ஆபத்து, பின்னும் ஆபத்து. முன்னே குருதிக்கலங்களும் சுரப்பியும். பின்னே மெல்லிய சவ்வும் களமும். இந்த ஒன்றை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொண்டால், இனிச் சொல்லப்போவது முழுவதும் எளிதில் விளங்கும்.

இச்சிகிச்சை புதியதன்று. தெளிவான பதிவுடன் வெற்றிபெற்ற முதற் சிகிச்சை, 1546 ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் அன்ரோனியோ மூசா பிரசவோலா என்பவர் செய்ததென்று மருத்துவ வரலாறு கூறும். தொண்டைக்குள் ஏற்பட்ட சீழ்க்கட்டியால் மூச்சுத்திணறிய ஒருவரை அவர் இவ்வழியாற் காத்தார். ஆனால், அதன் பின்னரும் நெடுங்காலம் வைத்தியர்கள் இதற்கு அஞ்சியே இருந்தனர். 1799 டிசெம்பர் 14 ஆம் நாள், அமெரிக்காவின் முதற் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் தொண்டை அழற்சியால் மூச்சு முட்டிக் கிடந்தபோது, அருகிருந்த மூன்று வைத்தியருள் இளையவரான எலிஷா டிக் என்பவர் மூச்சுக்குழலைத் திறக்கலாம் என்று ஆலோசனை கூறினார். மூத்தவர் இருவரும் அதற்கு இணங்கவில்லை. அன்றிரவே வாஷிங்டன் காலமானார்.

தொண்டைக்கரப்பான் நோய் குழந்தைகளின் மூச்சை அடைத்துக் கொன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, பிரான்சு நாட்டு வைத்தியர்கள் இச்சிகிச்சையை வழக்கிற் கொணர்ந்தனர். 1909 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் செவாலியர் ஜாக்சன் இதற்கு ஒழுங்கான முறையொன்றை வகுத்தார். எவ்விடத்தில் வெட்டவேண்டும், எவ்விடத்தில் வெட்டலாகாது என்று அவர் வரையறுத்த பின்னரே இது ஓரளவு பாதுகாப்பான சத்திரசிகிச்சை ஆயிற்று.

எனினும், தீவிர சிகிச்சையுடன் இது பிணைக்கப்பட்டது 1952 ஆம் ஆண்டிலேயாம். அவ்வாண்டு டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்கேகனில் இளம்பிள்ளைவாதம் பெருகிற்று. மூச்சுத்தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்த நோயாளர் பிளெக்டம் வைத்தியசாலையில் வந்து குவிந்தனர். அக்காலத்து மூச்சு இயந்திரங்களில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். அப்பொழுது மயக்கமருந்து வைத்தியர் பியோர்ன் இப்சன் வேறொரு வழி காட்டினார். ஓகஸ்து 27 ஆம் நாள், சாகுந்தறுவாயிலிருந்த ஒரு சிறுமியின் மூச்சுக்குழல் திறக்கப்பட்டது. அதில் வைத்த குழாய்வழியே இறப்பர்ப் பையொன்றைக் கையால் அழுத்தி, நுரையீரலுக்குள் ஒட்சிசன் செலுத்தப்பட்டது. சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பைகளை அழுத்தி, நூற்றுக்கணக்கானோரின் மூச்சைக் காத்தனர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் இதுவே என்பர்.

இக்காலத்தில் மூச்சடைப்பை நீக்குவதற்காக மட்டும் கழுத்துவழி திறக்கப்படுவதில்லை. நெடுநாள் இயந்திரத்தின் துணை வேண்டியவர்களுக்கே இது பெரிதும் செய்யப்படுகிறது. வாய்வழிக் குழாய் நாட்கணக்கிற் கிடந்தால் குரல்வளை புண்படும். நோயாளர் அதைப் பொறுத்துக்கொள்ள மயக்கமருந்து கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். வாயைத் துப்புரவாக வைத்திருத்தலும் கடினம். கழுத்துவழிக் குழாயோ உறுத்தல் குறைந்தது. மயக்கமருந்தைக் குறைக்கலாம், சளியை எளிதில் உறிஞ்சி எடுக்கலாம், இயந்திரத்திலிருந்து மெல்ல மெல்ல விடுவிக்கலாம். மூளைக் காயம், நரம்புத் தளர்ச்சி, கடும் நுரையீரல் அழற்சி முதலியன இதற்குரிய காரணங்களாம். நம் நாட்டோடு தொடர்புடைய காரணம் ஒன்றும் உண்டு. பூச்சிகொல்லி நஞ்சினாற் பாதிக்கப்பட்டவர்கள், முதல் ஆபத்து நீங்கித் தேறிவரும் வேளையில், ஒருசில நாட்களுக்குள் மீண்டும் மூச்சுத்தசைகள் சோர்ந்து இயந்திரத்தின் உதவியை வேண்டி நிற்கும் நிலையை, பேராதனையைச் சேர்ந்த சேனநாயக்க, கரல்லியத்த என்னும் வைத்தியர் இருவர் 1987 ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துரைத்தனர். இத்தகையோருட் சிலருக்கும் மூச்சுத்துணை நாட்கணக்கில் வேண்டியிருக்கும்.

அவ்வாறாயின், எவ்வளவு விரைவிற் கழுத்தைத் திறப்பது நல்லது? பிரித்தானியாவில் 909 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த பேராய்வு இதற்கு விடை கூறிற்று. முதல் நான்கு நாட்களுக்குள் திறந்தவர்களிடையிலும், பத்து நாட்கள் பொறுத்திருந்தவர்களிடையிலும், முப்பது நாட்களுள் இறந்தோர் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதைவிடக் கவனிக்கத்தக்கது யாதெனில், பொறுத்திருந்தவர்களுட் பாதிக்கு மேற்பட்டோருக்கு அச்சிகிச்சை செய்யப்படவேயில்லை என்பதாம். பெரும்பாலும் ஆற அமரத் திட்டமிட்டுச் செய்யக்கூடிய சிகிச்சை இது. எனவே, எத்துணையைக் கொண்டு செய்வது என்று சிந்திக்கவும் வைத்தியருக்குப் பொழுதுண்டு.

இனிச் செய்முறைக்கு வருவோம். பழைய முறையிலே வைத்தியர் தோலை வெட்டி, தசைகளை விலக்கி, சுரப்பியை ஒதுக்கி, மூச்சுக்குழலைக் கண்ணாற் கண்டு திறப்பார். 1953 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வைத்தியர் செல்டிங்கர், நாடிக்குள் குழாய் செலுத்துவதற்குப் புதுமையான உபாயம் ஒன்றைக் கண்டார். முதலில் ஊசி, ஊசிக்குள்ளால் மெல்லிய கம்பி, ஊசியை எடுத்துவிட்டுக் கம்பியின்மேல் குழாய். இதே உபாயத்தை மூச்சுக்குழலுக்கு ஏற்புடையதாக்கி, 1985 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் பஸ்குவாலே சலியா வெளியிட்டார். ஊசியால் மூச்சுக்குழலைத் துளைத்து, கம்பியை உள்ளே விட்டு, அதன்மேல் விரிப்பான்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தித் துளையைப் பெரிதாக்கி, இறுதியிற் குழாயைப் பொருத்துதல் அவர் முறை. பின்னாளிற் கொம்புபோல் வளைந்து, நுனி சிறுத்து அடி பருத்த ஒரே விரிப்பானாற் காரியம் முடியலாயிற்று.

இதன் நன்மை வெளிப்படை. நோயாளரைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தூக்கிச் செல்லவேண்டியதில்லை. படுக்கையிலேயே, அநேகமாகக் கால்மணி நேரத்துள், சிறிய வெட்டுடன் வேலை முடிகின்றது. ஆனால், இதற்காக ஒன்றை இழந்தோம். பழைய முறையில் வைத்தியர் மூச்சுக்குழலைக் கண்ணாற் கண்டார். புதிய முறையில் அவர் காண்பது தோலை மட்டுமே. குரல்வளையின் கீழ்வளையத்தை விரலால் தடவி, அதிலிருந்து வளையங்களை எண்ணி, நடுக்கோட்டை உத்தேசித்து ஊசியைச் செலுத்துகிறார். மெலிந்த கழுத்தில் விரல் போதிய வழிகாட்டியாகலாம். பருத்த கழுத்தில், வீங்கிய கழுத்தில், முள்ளந்தண்டுக் காயத்தால் நிமிர்த்த இயலாத கழுத்தில், விரல் தடுமாறும். ஊசி பக்கத்தே விலகலாம், பின்சுவரைக் கிழிக்கலாம், முன்னே ஓடும் நாளத்தைத் துளைக்கலாம், வாய்வழிக் குழாயையே குத்திவிடவும் கூடும். இழந்த பார்வையை மீட்டுத் தருவதற்காகவே நாம் முன்னர்க் கூறிய இரு துணைகளும் வந்தன.

முதலாவது உள்நோக்கி. யப்பானிய வைத்தியர் ஷிகெத்தோ இக்கெடா 1966 ஆம் ஆண்டில் வளையுந்தன்மையுள்ள உள்நோக்கியை அறிமுகஞ்செய்தார். மயிரிழை போன்ற கண்ணாடி நார்கள் பலவற்றைக் கற்றையாக்கி, அவற்றினூடே ஒளியையும் காட்சியையும் கடத்தும் கருவி அது. இக்காலத்துக் கருவிகளில் நுனியிலே சிறிய கமராவே பொருத்தப்பட்டிருக்கும். இதனை வாய்வழிக் குழாய்க்குள்ளால் இறக்கி, குழாயின் நுனியைக் குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே வரும்வரை மெல்ல மேலிழுத்து வைப்பார்கள். அப்பொழுது மூச்சுக்குழலின் உட்புறம் திரையிலே தெரியும். வெளியே வைத்தியர் விரலால் அழுத்தினால் உள்ளே முன்சுவர் அசைவதைக் காணலாம். ஊசி நுழைவது நடுக்கோட்டிலா, பக்கத்திலா என்பது உடனே தெரியும். பின்சுவரை ஊசி நெருங்கினால் எச்சரிக்கலாம். கம்பி நுரையீரலை நோக்கிக் கீழே இறங்குகிறதா, அல்லது வாயை நோக்கி மேலே திரும்புகிறதா என்று பார்க்கலாம். இறுதியில், வைத்த குழாய் மூச்சுக்குழலுக்குள்ளேதான் இருக்கிறது என்பதை ஐயமின்றி உறுதிசெய்யலாம்.

இத்துணை நன்மை செய்யும் கருவிக்கும் குறையுண்டு. அது மூச்சுவரும் வழியிலேயே சென்று குந்திக்கொள்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். குழாயின் உள்விட்டம் எட்டு மில்லிமீற்றர். உள்நோக்கியின் பருமன் ஆறு மில்லிமீற்றர் என்போம். எட்டின் வர்க்கம் அறுபத்து நான்கு. ஆறின் வர்க்கம் முப்பத்தாறு. ஆகவே, வழியிற் பாதிக்கு மேல் அடைபட்டுப் போகின்றது. உள்ளே செல்லும் காற்றுக் குறையும். வெளியேற வேண்டிய காபனீரொட்சைட்டு உடலிலே தேங்கும். நுரையீரல் மிகக் கெட்டிருப்பவருக்குச் சில நிமிட நேரக் குறைவும் பொறுக்கலாகாது. மூளைக் காயமுற்றவரிடத்தே இன்னொரு கேடும் உண்டு. காபனீரொட்சைட்டு மிகும்போது மூளையின் குருதிக்கலங்கள் விரிந்து, மண்டையோட்டுக்குள் அழுத்தம் உயரும். முன்னரே வீங்கியிருக்கும் மூளைக்கு அது தீங்கு. மேலும், உள்நோக்கியைப் பிடிக்கக் கைதேர்ந்த இரண்டாவது வைத்தியர் வேண்டும். ஊசி தவறிக் கருவியைக் குத்தினால் விலையுயர்ந்த பொருள் பழுதாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்நோக்கி உள்ளேயிருப்பதை மட்டுமே காட்டும். தோலுக்கும் மூச்சுக்குழலுக்கும் இடையே ஒரு நாடி துடித்துக்கொண்டிருந்தாலும் அதற்குத் தெரியாது.

இனி இரண்டாவது துணை. மனிதச் செவி செக்கனுக்கு இருபதாயிரம் அதிர்வுகள் வரையே கேட்கும். அதற்கு மேற்பட்டதைக் கழியொலி என்கிறோம். கழுத்தைப் பார்க்கும் கருவி செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு கோடி அதிர்வுகளை அனுப்பி, உடலின் உட்பகுதிகளிற் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. 1958 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்னும் வைத்தியர் வயிற்றுக் கட்டிகளை ஆராய இதனைப் பயன்படுத்தி வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னர், இது மருத்துவத்திற் பரவிற்று. கருப்பிணித் தாய்மாருக்கு ஸ்கான் எடுப்பதாகச் சொல்கிறோமே, அதுவும் இதுதான்.

ஸ்கான் கருவியின் முனையைக் கழுத்தில் வைத்தவுடன், வளையங்கள் கோத்த மணிகள் போல வரிசையாகத் தெரியும். எண்ணிப் பார்த்து இடத்தைத் தெரியலாம். தோலிலிருந்து மூச்சுக்குழல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று மில்லிமீற்றர்க் கணக்கில் அளக்கலாம். பருத்த கழுத்துடையவருக்கு நீளமான குழாய் தேவையா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யலாம். தைரொயிட்டுச் சுரப்பியின் பாலம் தெரியும். நாடிகளிலும் நாளங்களிலும் ஓடும் குருதி நிறங்காட்டித் தெரியும். உள்நோக்கிக்குப் புலப்படாத முன்புற ஆபத்து முழுவதும் இங்கே கண்முன் விரிகிறது. மூச்சுவழியை இது தொடுவதும் இல்லை. ஆதலால் மூச்சுக்கு இடையூறும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவிலே இதயத்தையும் நுரையீரலையும் பார்க்கப் பயன்படும் அதே கருவியே இதற்கும் போதும்.

ஆனால், ஒலி திண்மத்தையும் நீரையும் ஊடுருவுமே தவிர, காற்றைக் கண்டால் திரும்பிவிடும். மூச்சுக்குழலின் முன்சுவர் வெண்கோடாகத் தெரியும். அதற்கப்பால் உள்ளிருக்கும் காற்றிலே பட்டு ஒலி முழுவதும் மீண்டுவிடுகிறது. ஊசி முன்சுவரைத் தாண்டிய கணமே அதன் நுனி மறைந்துபோகும். பின்சுவர் தெரியாது, ஊசி அதனைத் தொட்டதா என்பதும் தெரியாது. தோலுக்கடியிற் காற்றுப் புகுந்து உப்பியிருக்கும் கழுத்தில் இக்கருவியால் ஒன்றுமே காண இயலாது. வேறொரு நுட்பமும் உண்டு. முனையைக் குறுக்காக வைத்தால் நடுக்கோடு நன்கு தெரியும். ஊசியோ ஒரு புள்ளியாகவே தெரியும். நெடுக்காக வைத்தால் ஊசி முழுவதும் தெரியும். நடுக்கோட்டிலிருந்து விலகியதை அறிவது கடினம். எனவே, இதற்கும் பழகிய கை வேண்டும். சிலர் முன்கூட்டியே ஸ்கான் செய்து இடத்தை மையாற் குறித்துக்கொண்டு பின்னர்த் துளைப்பர். சிலர் ஸ்கானைப் பார்த்தபடியே துளைப்பர்.

இப்பொழுது நேயர்களுக்கு ஒன்று புலனாகியிருக்கும். உள்நோக்கி காண்பதை ஸ்கான் காண்பதில்லை. ஸ்கான் காண்பதை உள்நோக்கி காண்பதில்லை. முன்புற ஆபத்துக்கு ஒன்று காவல். பின்புற ஆபத்துக்கு மற்றையது காவல். அப்படியானால் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்?

விரலை மட்டும் நம்புவதைவிட ஸ்கான் மேலானதா என்று அவுஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2014 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஸ்கானின் உதவியுடன் துளைத்த 23 பேரில் 20 பேருக்கு ஊசி முதன்முறையே சரியாகச் சென்றது. விரலால் இடமறிந்து துளைத்த 24 பேரில் 14 பேருக்கே அவ்வாறு அமைந்தது. நடுக்கோட்டிலிருந்து ஊசி விலகிய கோணம், விரல்வழியில் சராசரியாக 35 பாகை. ஸ்கான்வழியில் 15 பாகை. ஊசி எவ்வளவு விலகிற்று என்று தீர்ப்பளிப்பதற்கு இவ்வாய்வினர் நாடியது உள்நோக்கி தந்த காட்சியைத்தான். உட்புறத்தைப் பற்றிய கேள்விக்கு உட்கண்ணே சாட்சி என்பதை இது காட்டுகிறது.

உள்நோக்கியையும் ஸ்கானையும் நேருக்குநேர் ஒப்பிட்ட முக்கியமான ஆய்வு, பிறேசில் நாட்டின் சாவோ பவுலோ நகரில் நடந்து 2016 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 118 நோயாளர் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். 60 பேருக்கு ஸ்கான். 58 பேருக்கு உள்நோக்கி. தொடங்கிய முறையால் முடிக்க இயலாது போனமை ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவருக்கே நேர்ந்தது. வேறு பாரிய கேடு எக்கூட்டத்திலும் இல்லை. சிறு சிக்கல்கள் ஸ்கான் கூட்டத்தில் 20 பேருக்கும், உள்நோக்கிக் கூட்டத்தில் 12 பேருக்கும் ஏற்பட்டன. இவ்வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று கணிதம் கூறிற்று. வேலைக்குச் சென்ற நேரம், இடைமதிப்பாக, 11 நிமிடமும் 13 நிமிடமும்.

இம்முடிவை எவ்வாறு விளங்கிக்கொள்வது? ஸ்கான் உள்நோக்கியை வென்றது என்று இவ்வாய்வு கூறவில்லை. பழகிய கைகளில் ஸ்கான் உள்நோக்கியைவிட மோசமானதன்று என்பதே இதன் கூற்று. இங்கே எச்சரிக்கை ஒன்று வேண்டும். அறுபது பேரில் ஒருவருக்கும் ஒரு கேடு நேரவில்லை என்றால், அக்கேடு ஒருக்காலும் நேராது என்பது பொருளன்று. இருபது பேரில் ஒருவருக்கு நேரக்கூடிய கேடுகூட, அறுபது பேரில் எவருக்கும் நேராமற் போவது உண்டு. பின்சுவர் கிழிதல், பெருநாடிக் கிளை துளைபடுதல் ஆகிய மிக அரிய, ஆனால் உயிர்கொல்லும் ஆபத்துகளைச் சிறிய ஆய்வுகள் எடைபோட முடியாது. அவ்விடத்தில் நாம் மீண்டும் உடலமைப்பையே துணைக்கழைத்துச் சிந்திக்க வேண்டியவராகிறோம்.

அவ்வாறு சிந்தித்தால், "எது சிறந்தது?" என்னும் கேள்வி "இவருக்கு எந்த ஆபத்து முதன்மையானது?" என்று மாறுகின்றது. தலைக்காயத்தால் மூளை வீங்கியவரை எடுத்துக்கொள்வோம். காபனீரொட்சைட்டு ஏறலாகாது, ஆகவே ஸ்கானை முதன்மையாகக் கொண்டு, உள்நோக்கியை வேண்டிய கணத்துக்கு மட்டும் பயன்படுத்துவது பொருந்தும். பருத்த குறுகிய கழுத்து, முன்னரே சத்திரசிகிச்சை செய்த கழுத்து, வீங்கிய தைரொயிட்டு, துடிப்புத் தெரியும் கழுத்து ஆகியவற்றில் ஸ்கான் செய்யாமற் கைவைப்பது துணிகரம். முன்சுவரும் பின்சுவரும் நெருங்கிய ஒடுக்கமான மூச்சுக்குழல், உடலெங்கும் காற்றுப் புகுந்த கழுத்து, கம்பி சென்ற திசையில் ஐயம் ஆகியவற்றில் உள்நோக்கி இன்றியமையாதது. இரண்டுக்கும் வசதியும் ஆளும் உள்ள இடத்தில், முன்னர் ஸ்கானால் இடந்தெரிந்து, பின்னர் உள்நோக்கி பார்த்திருக்கத் துளைப்பது நல்ல ஒழுங்கு. இரண்டிலும் ஐயம் நீங்காவிடின், நோயாளரைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு எடுத்துச்சென்று பழைய முறையிற் கண்ணாற் கண்டு திறப்பதில் இழுக்கொன்றுமில்லை.

2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று உலகைச் சூழ்ந்தபோது, இத்தெரிவு சிகிச்சை அளிப்போரின் உயிரையும் தொட்டது. மூச்சுவழியைத் திறந்து கருவியைச் செலுத்தும் ஒவ்வொரு முறையும் நோய்க்கிருமி காற்றிற் கலக்கலாம். அதனால், சில இடங்களில் மூச்சுவழியைத் தொடாத ஸ்கான் பெரிதும் விரும்பப்பட்டது. சில இடங்களில் உள்நோக்கியை நிறுத்தாது, மூச்சு இயந்திரத்தை அக்கணங்களில் நிறுத்திவைத்துச் செய்தனர். நோயாளரின் ஆபத்தோடு தாதியரின், வைத்தியரின் ஆபத்தும் தராசில் வைக்கப்பட்ட காலம் அது.

இரு துணைகளும் இருந்தபோதிலும், மூன்றாவது சாட்சி ஒன்றை மறத்தலாகாது. வெளிவரும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை ஒவ்வொரு மூச்சிலும் அளந்து திரையில் அலைபோற் காட்டும் கருவியே அது. குழாய் மூச்சுக்குழலுக்குள் இருந்து மூச்சு நிகழ்ந்தால் அலை எழும். தவறான இடத்தில் இருந்தால் அலை படுத்துவிடும். இது படம் காட்டுவதில்லை; ஆயினும் பொய் சொல்லுவதும் அரிது. குழாய் வைத்த நாளோடு அபாயம் முடிந்துவிடுவதும் இல்லை. பிரித்தானியாவில் 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த நாடளாவிய கணக்கெடுப்பொன்று, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மூச்சுவழியால் நேர்ந்த பெருங்கேடுகளுக்குக் கழுத்துக்குழாய் இடம்பெயர்தல் முக்கிய காரணமென்று சுட்டிற்று. நோயாளரைப் புரட்டும்போதும் இருமும்போதும் குழாயைக் காத்துநிற்கும் தாதியின் கை, துளையிட்ட வைத்தியரின் கைக்குக் குறைந்ததன்று.

இனி, வாசலிற் சம்மதம் கேட்கப்பட்டு நிற்கும் அந்த மகனிடம் மீள்வோம். அவர் வைத்தியரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காது கேட்கலாம். இது இப்பொழுதே செய்யவேண்டியதா, சில நாள் பொறுக்கலாமா? என் தகப்பனாருடைய கழுத்தில் சிறப்பான ஆபத்து ஏதேனும் உண்டா? எதைப் பார்த்துக்கொண்டு செய்யப்போகிறீர்கள், அது போதாவிடின் அடுத்த வழி என்ன? இக்கேள்விகளால் நல்ல வைத்தியர் எவரும் சினங்கொள்ளார். "முதலில் ஸ்கான் செய்து நாடி எங்கே ஓடுகிறதென்று பார்ப்போம், துளைக்கும்போது உள்ளேயிருந்தும் பார்த்திருப்போம், சரிவராவிட்டால் கூடத்துக்குக் கொண்டு செல்வோம்" என்று அவர் விடையிறுப்பாராயின், மகன் கையெழுத்திடும்போது கை சற்றேனும் நடுங்காதிருக்கும்.

பெரும்பாலான நோயாளருக்கு இத்துளை நிலையானதன்று என்பதையும் அவருக்குச் சொல்லவேண்டும். நுரையீரலும் தசைகளும் தேறியபின் குழாயை எடுத்துவிடுவர். மருந்துத் துணியால் மூடப்பட்ட துளை, சில நாட்களிலோ வாரங்களிலோ தானே மூடிக்கொள்ளும். அதுவரை குழாய் அடைத்திருந்த குரல் மெல்லத் திரும்பும். கழுத்தின் நடுவிலே எஞ்சுவது சிறியதொரு தழும்பு மட்டுமே.